பத்துக்கு நாலு

ஜெனீற்றா ஜேர்மனியிலிருந்து எழுதிய கடிதங்கள் சுருவில் கிராமத்து வீட்டு அலுமாரியில், ஒரு பிஸ்கற் ரின்னுக்குள், திகதி வரிசைப்படி இருந்தன. ஐந்து வருடத்துக் கடிதங்கள். கைபேசியில் கதைத்தால் தாய் மரியநாயகிக்கு ஒரு காது அறவே கேளாது. மற்றக் காதில் இரைச்சல்தான் விழும். ஆகவே மாதம் இரண்டு கடிதம் என்று மகள் ஒழுங்கு வைத்துக்கொண்டாள். தாயும் ஒவ்வொரு கடிதத்தையும் நாலைந்து தரம் வாசித்து, கிடைத்த திகதியை உறையின் மூலையில் குறித்து, ரின்னில் அடுக்கினாள்.

2024 ஆடி மாதம் ஆறாம் திகதி, சனிக்கிழமை, இரண்டு கிழமை லீவில் ஜெனீற்றா வீட்டுக்கு வந்தாள். வந்த காரணம் ஒன்றுதான். தம்பி டெனிஸ்ரனை யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்தில் சேர்ப்பதா இல்லையா என்று பதினைந்தாம் திகதி திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். ஒரு கட்டில்தான் காலியாக இருந்தது. பதில் சொல்லாவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும்.

டெனிஸ்ரனுக்கு முப்பத்திரண்டு வயது. நாலு வயதில், இடம்பெயர்ந்து இருந்த இடத்தில், மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தவன். உடம்பு வளர்ந்தது, சொற்கள் நாலுதான் மிஞ்சின. அம்மா, அக்கா, போவம், 'போதும்' என்பதற்குக் காணும். சேட்டின் மேல் பொத்தான்வரைக்கும் பூட்டினால்தான் வெளியே வருவான். தகப்பன் கிறிஸ்தோப்பர் உயிரோடு இருந்த காலத்தில் வள்ளத்தைக் கரைக்கு இழுக்கும்போது இவனும் ஓடிப்போய்க் கயிற்றில் கை வைப்பான். இழுக்கமாட்டான், கையை மட்டும் வைப்பான். அதையும் ஓர் ஆளின் வேலையாகவே சேர்த்து, மற்றவர்கள் அவனுக்கும் ஒரு மீன் கொடுத்துவிடுவார்கள்.

போன வருடம் மரியநாயகிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் இரத்தம் சுத்திகரிக்க யாழ்ப்பாணம் போய்வர வேண்டும். அந்த நாட்களில் பக்கத்து வீட்டு அல்போன்சம்மாதான் டெனிஸ்ரனுக்குக் காவல். வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவ அடுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் ஆளைக் காணவில்லை. தாய் போன பஸ் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கமாகவே நடந்திருக்கிறான். அல்லைப்பிட்டி தாண்டி, தார் றோட்டில் வெறுங்காலோடு நின்றவனை ஒரு மீன் வான்காரர் அடையாளம் கண்டு ஏற்றிக்கொண்டு வந்தார். பாதம் இரண்டும் பொக்களம் போட்டிருந்தது. அதற்குப் பிறகுதான் இல்லத்துக்கு எழுதிப்போட்டார்கள்.

இவ்வளவையும் தாயின் கடிதங்களில் வாசித்துத்தான் ஜெனீற்றா வந்திருந்தாள். ஆனால் பெட்டியை இறக்கி வைத்த கையோடு தாய் சொன்னது வேறு.

"இல்லத்துக்கு விடத் தேவையில்லைப் பிள்ளை. அவன் இப்ப படிக்கிறான்."

"என்ன படிக்கிறான் அம்மா?"

"நீ எழுதினனியெல்லே. உன்ர ஈயள் படிக்கிற மாதிரித்தான்."

வேலிக்கு அப்பால் மீன் வெட்டிக்கொண்டிருந்த அல்போன்சம்மா நிமிர்ந்து பார்த்தா. "ஈக்குப் பள்ளிக்கூடம் நடத்துற டீச்சர் வந்திட்டாவோ? இஞ்ச என்ர மீனில ஒரு வகுப்பு இருக்கு. எழுத வாசிக்கத் தெரியாததுகள். கூட்டிக்கொண்டு போ."

"அது வேற ஈ, மாமி. வாழைப்பழத்தில வாற சின்னன்."

"ஓம், ஓம். உங்கட ஈயளும் பெரிய இடத்து ஈயள்தான்."

ஜெனீற்றா சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்தது அதோடு சரி.

மரியநாயகி பிஸ்கற் ரின்னைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். 2023 கார்த்திகை மூன்றாம் திகதிக் கடிதம். இரண்டாம் பக்கம் முழுக்கச் சிவப்புப் பேனையால் கோடு கீறியிருந்தது. ஜெனீற்றா தன் எழுத்தைத் தானே வாசித்தாள்.

'அம்மா, என்ர வேலை என்னெண்டு கேட்டிருந்தீங்கள். ஈயின்ர முட்டையை மருந்தில கழுவி, வயித்தில ஒரு கிருமியும் இல்லாத ஈயாய் வளர்க்கிறன். பிறகு இரண்டு மணம் காட்டுறன். ஒரு மணத்தோட மட்டும் சின்னதாய்க் கறண்ட் அடி. அடுத்த நாள் இரண்டு மணத்தையும் இரண்டு பக்கத்தில வைச்சா, சும்மா ஈ அடி வாங்கின பக்கம் போகாது. கிருமி இல்லாத ஈ மறந்துபோய் இரண்டு பக்கமும் போகும். ஆனா அந்தக் கிருமியைச் சாப்பாட்டோட திருப்பிக் குடுத்தா, அம்மா, அது படிக்குது. புளிச்ச சாப்பாட்டில இருக்கிற கிருமிதான். எங்கட பழங்கஞ்சியிலயும் கோடிக்கணக்கில கிடக்கும். தம்பிக்கு ஒரு கோப்பை கூடக் குடுங்கோ.'

அந்தக் கடைசி வரியின் கீழ் மட்டும் இரண்டு கோடு.

மூன்று வருடமாகச் சரிவராமல் இருந்த பரிசோதனை அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சரிவந்தது. ஆய்வுகூடத்தில் எல்லோரும் போன பிறகு, ஈப் போத்தல்களுக்கு நடுவே இருந்து, அந்தச் சந்தோசத்தில் அவள் எழுதிய கடிதம். கடைசி வரி பகிடி. எழுதும்போது அவளுக்கே சிரிப்பு வந்ததும் நினைவிருந்தது.

தாய் அடுத்ததாக ஒரு கொப்பியை எடுத்தாள். எண்பது பக்கக் கொப்பி, தை முதலாம் திகதியிலிருந்து. அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு நாலு நிரல். திகதி, கஞ்சி எத்தனை கோப்பை, எத்தனை தரம் கேட்டது, எத்தனை சரி. நாளொன்றுக்கு ஐந்து தரம். தையில் இரண்டு, மூன்று, இரண்டு. மாசியில் மூன்று, மூன்று, நாலு. சித்திரைக்குப் பிறகு ஐந்து, ஐந்து, ஐந்து என்று பக்கம் பக்கமாகப் போனது. ஆசுப்பத்திரியால் வந்து எழும்ப ஏலாமல் கிடந்த நாட்களில்கூட ஒரு வரி இருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் தாய். எண்களை இவ்வளவு துப்புரவாக எழுதுகிற மாணவர்கள் ஜெனீற்றாவுக்கு வாய்த்ததில்லை.

"கறண்ட் பிடிக்க எனக்கு மனம் வரேல்லை," என்றாள் மரியநாயகி. "அதுக்குப் பதிலாய் ரொபி இனிப்பு வைச்சனான். பிழையில்லைத்தானே?"

"பிழையில்லை அம்மா."

"இருந்து பார்."

குசினி வாசலுக்கு முன்னால் இரண்டு பால்மா ரின்களைக் கவிழ்த்து வைத்தாள். ஒன்றுக்குள் சாம்பிராணி, மற்றதற்குள் கருவாடு. ரொபி எப்போதும் சாம்பிராணி ரின்னின் கீழ். டெனிஸ்ரன் கஞ்சியைக் குடித்து வாயைத் துடைத்துவிட்டு வந்து சம்மணம் போட்டு இருந்தான். தாய் எதிரே சின்னக் கதிரையில் இருந்தாள்.

ஐந்து தரம் மாற்றி மாற்றி வைத்தாள். ஐந்து தரமும் சரியாக எடுத்தான். எடுத்த ஒவ்வொரு முறையும் தாயைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தான்.

ஜெனீற்றா ரின்களைப் பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கான ஈக்களைப் பார்த்துப் பழகியவள், எங்கே பார்க்கவேண்டுமோ அங்கே பார்த்தாள். டெனிஸ்ரன் ஒரு ரின்னையும் முகரவில்லை. கையை ஒரு ரின்னுக்கு மேலே கொண்டுபோவான், தாயைப் பார்ப்பான். பிறகு மற்றதற்கு மேலே கொண்டுபோவான், பார்ப்பான். சரியான ரின்னுக்கு நேரே கை வந்ததும், மரியநாயகியின் வலது கை தானாக எழும்பிக் கழுத்துச் சங்கிலியில் தொங்கும் குருசைப் பிடித்தது. பிள்ளை இதை எடுத்துவிட வேண்டுமே ஆண்டவரே என்று மன்றாடுகிற கை. அது எழும்புவது அவளுக்கே தெரியாது. டெனிஸ்ரனுக்குத் தெரிந்திருந்தது.

"பாத்தியா?" என்றாள் தாய், கொப்பியில் ஐந்து என்று எழுதியபடி.

"பாத்தனான் அம்மா," என்றாள் ஜெனீற்றா.

ஞாயிறு பூசைக்குப் போனார்கள். திங்கள் ஒருவரும் அந்தக் கதை எடுக்கவில்லை. செவ்வாய் மரியநாயகி ஆசுப்பத்திரிக்குப் போனாள். ஜெனீற்றா தம்பியோடு வீட்டில் நின்றாள். காலை ஏழு மணியிலிருந்து பின்னேரம் நாலரைவரைக்கும் டெனிஸ்ரன் படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் சோற்றைக் குழைத்து வாய்க்கு நேரே நீட்டியபோதும் "காணும்" என்றான். அவன் இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

அன்றைக்குத் தாய் பஸ்ஸால் இறங்கி, மண்ணிறக் கன்னத்தோடு, ஒவ்வோர் அடியாக வைத்து வருவதைப் பார்த்ததும் ஜெனீற்றாவுக்கு இனிச் சொல்லாமல் இருக்க ஏலாது என்று பட்டது. தேத்தண்ணி கொடுத்து, கால் நீட்டி இருக்கவைத்து, கேட்கும் காதின் பக்கமாகப் போய் இருந்தாள்.

"அம்மா, அந்தக் கஞ்சிக் கதை. அது நான் பகிடிக்கு எழுதினது."

மரியநாயகி கோப்பையைக் கீழே வைத்தாள். "பகிடியெண்டு பக்கத்தில எழுதியிருக்கலாமே பிள்ளை."

"எழுதியிருக்க வேணும்."

"அப்ப ஈயள் படிச்சது பொய்யோ?"

"பொய்யில்லை. ஆனா அந்த ஈயளிட்ட இருந்து கிருமியைப் பறிச்சது நான்தான் அம்மா. பறிச்சதைத்தான் திருப்பிக் குடுத்தனான். தம்பியிட்ட இருந்து பறிபட்டது வேற. அதை வைச்சிருக்கிற ஆக்கள் ஒருத்தரும் இல்லை."

தாய் கொப்பியை எடுத்து மடியில் வைத்து, "அப்ப இது?" என்றாள்.

ஜெனீற்றா குருசைப் பற்றிச் சொன்னாள். எவ்வளவு மெதுவாகச் சொல்லலாமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். மரியநாயகி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரோ இரவல் தந்த கை மாதிரி.

"எனக்கு நம்பிக்கையில்லை," என்றாள். "நீ உன்ர முறையில வைச்சுக் காட்டு. அங்க வெள்ளைக்காரருக்கு எப்பிடிக் காட்டுவியோ, அப்பிடி."

"வேண்டாம் அம்மா. இல்லத்துக்கு ஓமெண்டு சொல்லுவம். இதை விடுவம்."

"என்ர பிள்ளையைக் குடுக்கிறதெண்டா சும்மா குடுக்கேலாது. எனக்குத் தெரியவேணும். வை."

புதன்கிழமை காலை வைத்தாள். ஆய்வுகூடத்தில் எந்தப் போத்தலில் எந்த ஈ என்று எண்ணுகிறவருக்கே தெரியாதபடி ஒட்டுத்தாள் சுற்றி மறைப்பது அவள் வழக்கம். தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதை எண்ணும். இங்கேயும் அப்படியே செய்தாள். இரண்டு ரின்களையும் ஒரே வெள்ளைத் துணியால் சுற்றினாள். நாணயத்தைச் சுண்டிப் பார்த்து இடம் வலம் தீர்மானித்து, ரின்களை வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். எதில் என்ன இருக்கிறது என்று தெரியாத அல்போன்சம்மா கதிரையில் இருந்து, அவன் எடுத்த பக்கத்தைச் சொல்லுவா. மரியநாயகி குசினிக்குள், சாத்திய கதவுக்குப் பின்னால்.

"நான் மூச்சும் விடக்கூடாதோ?" என்று கேட்டா அல்போன்சம்மா.

"விடுங்கோ மாமி. முகத்தை மட்டும் ஆட்டாதேங்கோ."

"அறுவது வருசமாய் ஆடின முகம். பாப்பம்."

டெனிஸ்ரன் வந்து இருந்தான். எதிரே கதிரையில் தாய் இல்லை. அல்போன்சம்மாவின் முகத்தைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. அவ சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தா. கையை ஒரு ரின்னுக்கு மேலே கொண்டுபோய் வைத்துக் காத்திருந்தான். மற்றதற்கு மேலே கொண்டுபோய்க் காத்திருந்தான். பிறகு கிட்ட இருந்ததை எடுத்தான்.

"சோத்துக்கைப் பக்கம்," என்றா அல்போன்சம்மா.

ஒன்று, இரண்டு, மூன்று என்று போனது. ரொபி கிடைத்தபோது தின்னவில்லை. சேட்டுப் பொக்கற்றுக்குள் போட்டான். ஆறாம் முறை வந்தபோது அவனுக்கு வேர்த்திருந்தது.

ஏழாம் முறை அவன் எடுக்கவில்லை. இரண்டு ரின்னையும் ஒவ்வொரு கையில் தூக்கிக்கொண்டு எழும்பினான். குசினிக் கதவடிக்குப் போய், கதவோடு ஒட்டினாற்போல இரண்டையும் கவிழ்த்து வைத்தான். குந்தியிருந்து கதவைப் பார்த்தான்.

"அம்மா," என்றான்.

கதவு திறக்கவில்லை.

"அம்மா."

அல்போன்சம்மாவுக்கு அதற்குமேல் ஏலவில்லை. "இடத்தில இரு ராசா, இந்தா, இருந்து எடு," என்று தோளில் பிடித்துக் கூட்டிவந்தா. மிச்ச மூன்றும் நடந்தது. ஏழாவதைத் திரும்ப வைக்கவேண்டும் என்பதால் ஜெனீற்றா அதையும் வைத்தாள். தொடங்கியதை இடையில் விடக்கூடாது என்று தாய் கேட்டிருந்தாள்.

முடிந்த பிறகு குசினிக் கதவைத் திறந்தபோது மரியநாயகி நிலத்தில் இருந்தாள். சீலைத் தலைப்பை உருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்திருந்தாள். மகளைக் கண்டதும் அதை எடுத்து, ஈரமான இடத்தை மடித்து மறைத்தாள்.

"எத்தினை?"

"நாலு அம்மா."

"பத்துக்கோ?"

"ஓம்."

"கண்ணை மூடிக்கொண்டு எடுத்தா எத்தினை வரும்?"

"ஐஞ்சு வரும்."

தாய் தலையாட்டினாள். டெனிஸ்ரன் அதற்குள் ஓடிவந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்து, பொக்கற்றிலிருந்த நாலு ரொபியையும் எடுத்து அவள் மடியில் வைத்தான். அவள் ஒன்றைப் பிரித்து அவன் வாயில் வைத்தாள்.

"அப்ப ஆறு மாசமாய் உவன் படிச்சது என்ர மூஞ்சையை."

"ஓம் அம்மா."

"அதுக்குக் கஞ்சி தேவையில்லையே. அதை அவன் எப்பவோ படிச்சு முடிச்சிட்டான்."

கொப்பியை வாங்கி, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, 10.07.2024 என்று எழுதினாள். கஞ்சி ஒரு கோப்பை. கேட்டது பத்து. சரி நாலு. நாலு என்பதை எண்ணிலும் எழுதி எழுத்திலும் எழுதினாள். அதோடு கொப்பியை மூடி, பிஸ்கற் ரின்னில், கார்த்திகைக் கடிதத்துக்கு மேலே வைத்தாள்.

"சிஸ்ரரிட்டச் சொல்லு, திங்கள் கொண்டுவாறமெண்டு."

வியாழனும் சனியும் அவள் அவனுடைய சேட்டுகளைத் தோய்த்து மினுக்கினாள். வெள்ளி ஆசுப்பத்திரி. ஞாயிறு பின்னேரம் ஓர் ஒற்றைத் தாளில் சிஸ்ரருக்கு எழுதினாள். மேல் பொத்தான் பூட்டவேண்டும். சோற்றில் மீன் முள்ளை எடுத்துக் கொடுக்கவேண்டும். இடி முழங்கினால் காதைப் பொத்திவிட வேண்டும். காணும் என்று சொன்னால் பசியில்லை என்று எடுக்கக்கூடாது, என்ன என்று முகத்தைப் பார்த்து விசாரிக்க வேண்டும். பதினாறு விடயம், இலக்கமிட்டு. பழங்கஞ்சி பற்றி ஒன்றும் எழுதவில்லை.

திங்கள் காலை ஜெனீற்றா புறப்பட ஆயத்தமாகி நின்றபோதும் தாய் வீட்டுச் சீலையோடுதான் நின்றாள்.

"வெளிக்கிடுங்கோவன் அம்மா. பஸ் வரப்போகுது."

"நான் வரேல்லை."

"உங்களுக்கு ஏலாமல் கிடக்கோ?"

"அதில்லை. நான் வந்தா அவன் என்ர மூஞ்சையைப் பார்ப்பான். என்ர மூஞ்சைக்குப் பொய் சொல்லத் தெரியாது. அங்க வாசலடியில வைச்சுப் பார்த்தானெண்டா இறங்கமாட்டான்." மேல் பொத்தானைப் பூட்டிவிட்டு, நெற்றியில் குருசு வரைந்து, அவன் கன்னத்தில் ஒருமுறை கையை வைத்து எடுத்தாள். "நான் அண்டைக்கு நிண்ட இடத்திலயே நிக்கிறன். நீ கூட்டிக்கொண்டு போ."

குசினிக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். உள்ளே கொழுவி விழும் சத்தம் கேட்டது.

டெனிஸ்ரன் படலைவரைக்கும் வந்தான். ஒழுங்கை முனைவரைக்கும் வந்தான். பெட்டியைத் தான்தான் பிடிப்பேன் என்று, தூக்காமல் கைபிடியில் கையை மட்டும் வைத்துக்கொண்டு வந்தான். பஸ் வந்து நின்றதும் மிதிபலகையில் ஒரு காலை வைத்தவன், அப்படியே நின்று திரும்பிப் பார்த்தான். ஒழுங்கைக்குள் வீடு தெரிந்தது. வேலியடியில் அல்போன்சம்மா தெரிந்தா. அவ முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டா. குசினிக் கதவு அசையவில்லை.

"ஏறச் சொல்லுங்கோ அக்கா, பிந்துது," என்றார் நடத்துநர்.

டெனிஸ்ரன் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கையைப் பஸ் கம்பிக்கு நேரே கொண்டுபோய்ப் பிடிக்காமல் வைத்திருந்தான். வீட்டைப் பார்த்தான். பிறகு, அந்த ஒன்பது நாளில் முதல்முறையாக, அக்காவின் முகத்தை நேரே பார்த்தான். கேட்கிற பார்வை.

ஐந்து வருடமாக ஓர் ஈக்குக்கூட விடையைக் காட்டிக்கொடுக்காதவள் ஜெனீற்றா. அவளுக்குக் குருசும் இல்லை, சங்கிலியும் இல்லை. வலது கையைத் தூக்கி வெறுங்கழுத்தில், குருசு தொங்கியிருக்கவேண்டிய இடத்தில் வைத்தாள்.

அவன் வாய் நிறையச் சிரித்தான். கம்பியைப் பிடித்தான். "போவம்," என்று ஏறினான்.

யன்னலோரமாக அவனை இருத்தி, பக்கத்தில் அவள் இருந்தாள். அவன் வெளியே பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு வந்தான், சரியான ரின்னை எடுத்தவனின் முகத்தோடு. கையை இறக்கினால் எழும்பிவிடுவான் என்ற பயத்தில், அல்லைப்பிட்டி தாண்டி, பண்ணைப் பாலமும் தாண்டும் வரைக்கும் அவள் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை.